நடக்கத்தான் போனேன்

நான் கத்தரிக்காயை விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள், பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டார்கள். நல்ல வழக்கம்தான், எனக்கு அதோடு சண்டை இல்லை. ஆனால் நான் காசிக்குப் போகவில்லை. எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. பனி மூடிய மலையில் ஒரு நாள் தனியாக நடந்துவிட்டு வரலாமென்று போனேன், நடந்தேன், திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் இலுப்பூரில் என் பெயரில் கத்தரிக்காய் துறக்கப்பட்டிருந்தது.

துறந்தவர் என் வீட்டுக்காரர். மெயின் ரோட்டில் மோட்டாரும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்த யாரோ, "எங்க, வீட்டுல ஆளைக் காணோம்?" என்று கேட்டிருக்கிறார்கள். நடக்கப் போயிருக்கா என்று சொல்லவேண்டியதுதானே. இரண்டே வார்த்தை. அது அவர் வாயில் வரவில்லை. "வடக்க ஒரு மலைக்கோயிலுக்குப் போயிருக்கு" என்றிருக்கிறார். வடக்கே என்றாலே எங்கள் ஊரில் காசிதான். "என்ன காயை விடப் போறாங்களாம்?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் காய்கறி வண்டி போயிருக்க வேண்டும். கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் நான் எத்தனை கரண்டி ஊற்றிக்கொள்வேன் என்று தெரிந்தவர். பாகற்காய் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊரில் பாதிப் பேரை முகத்தைவிட முழங்கை மடிப்பை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். ஊர்ச் சர்க்கரையை எல்லாம் அளந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் சொந்தச் சர்க்கரையையும் அளந்து பார்க்கும் புத்தி வந்தது. வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய ரத்தமோ மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். மாறவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை சும்மா நடக்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. ரோட்டில் நான் நடக்கத் தொடங்கினால் போகிற வண்டியெல்லாம் நின்றது. "எங்கிட்டுப் போறீங்க? ஏறுங்க, விட்டுர்றேன்" என்பார்கள். எங்கேயும் போகவில்லை, நடக்கிறேன் என்றால் முகம் மாறிவிடும். வீட்டில் ஏதோ சண்டை என்று அவர்களே முடிவுகட்டி, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பாதி நடையில் ஆறுதல் கேட்டே எனக்கு அழுகை வந்தது.

அதனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே அன்னவாசல் ரோட்டுப் பக்கம் போய்விடுவேன். அங்கே ஒரு மொட்டைப் பாறைக் குன்று இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் சித்தன்னவாசலுக்குப் போய்விடுவதால் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓவியமும் கிடையாது, சாமியும் கிடையாது. ஒரு பக்கம் ஏறுவதற்குத் தோதான சரிவு. மறுபக்கம் எப்போதோ கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட குவாரி, செங்குத்தாக இறங்கும். பாறையில் கால்தடம் பதியாது. மார்கழியில் மூடுபனி இறங்கிவிட்டால் எது சரிவு, எது குவாரி விளிம்பு என்று தெரியாது. ஒரு காலையில் கிட்டத்தட்ட அந்த விளிம்புக்கே போய் நின்றேன். மறுநாள் ஒரு மஞ்சப்பையைக் கிழித்து நாடாநாடாக எடுத்துப் போனேன். கல்யாண வீடுகளில் தேங்காய் பழம் போட்டுக் கொடுப்பார்களே, அதே பைதான். எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டு தொங்கும். பாறை வெடிப்பில் முளைத்திருக்கும் செடிகளில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போவேன். இறங்கும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்துக்கொண்டு வருவேன். மலையில் என் பொருள் எதையும் விட்டுவிட்டு வரமாட்டேன். கத்தரிக்காயையும்தான்.

பாறையில் நடந்து பழகியபிறகு பனியில் நடக்க ஆசை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வரும் குளிரைத் தவிர வேறு குளிர் தெரியாத ஊர்க்காரிக்கு அந்த ஆசை வரக்கூடாது என்று சட்டமா? மகள் தில்லியில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில்... இல்லை, சாக்கு என்ற சொல்லே இங்கே வேண்டாம். மகளைப் பார்க்கவும் போனேன், மலைக்கும் போனேன். வீட்டுக்காரரிடம் விஷயத்தை உள்ளபடியே சொன்னேன். "சரி, பத்திரமாப் போயிட்டு வா" என்றார். அந்தச் சந்தோஷத்தில், ஊருக்கு இவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. இமாச்சலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தங்குவதற்கு ஒரு மலைக்கிராமத்தில் வீடும் பார்த்துக் கொடுத்தாள். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் இந்தி கடைக்குப் போய் வரத்தான் உதவும், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் கிளம்பிய காலையில் அவர் சொன்னது முழுதும் புரிந்தது. ஆப்பிள் தோட்டச் சுவரை ஒட்டிப் போ, மரங்களைத் தாண்டினால் ஆட்டுக்காரர்களின் கல்குடிசை வரும், அதற்கு மேலே முகடு, முகட்டில் நின்றால் பெரிய மலைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். மேகம் வந்தால் திரும்பிவிடு. ஏன் தனியாகப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் சண்டையா என்றும் கேட்கவில்லை. சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்து, என் குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பனியை முதலில் மிதித்தபோது காய்ந்த கல் உப்பை மிதிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்துக்காகவே காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். தேவதாரு மரங்களிலிருந்து பனி பொதபொதவென்று கொட்டியது. ஒவ்வொரு தடவையும் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. யாருமில்லாத இடத்தில் நிற்பதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று எனக்கே தெரியாது.

மஞ்சப்பை நாடாக்களைச் சுவர்க் கம்பத்தில் ஒன்று, மரக்கிளையில் ஒன்று, புதரில் ஒன்று என்று கட்டிக்கொண்டே ஏறினேன். ஒரு நாடாவில் 'திருமண வி' என்ற எழுத்துகள் சிவப்பாக இருந்தன, மீதி எழுத்து அடுத்த நாடாவில். வெள்ளை வெளியில் அந்த மஞ்சள் நன்றாக எடுத்துக் காட்டியது. சந்தோஷத்தில் படம் எடுத்தேன். அந்தப் படங்கள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகின்றன என்று தெரிந்திருந்தால் போனை அங்கேயே வீசியிருப்பேன்.

கல்குடிசைக்கு மேலே செடி எதுவும் இல்லை. குடிசை வாசலில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி, நாடாவைக் கட்டி, பனியில் நட்டுக்கொண்டே போனேன். முகடு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று இருக்கும்போது மேகம் வந்தது. மேலேயிருந்து வரும் என்று நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழேயிருந்து, பள்ளத்தாக்கிலிருந்து எனக்குப் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது குடிசை இல்லை. முன்னால் பார்த்தபோது முகடும் இல்லை. சன்னமாகப் பனி பொழியவும் தொடங்கியது. தரை எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. கீழே இறங்கும் என்று நினைத்து வைத்த கால் சட்டென்று தரையில் முட்டியது, சமமாக இருக்கும் என்று வைத்த கால் முழங்கால்வரை புதைந்தது. பேருந்தில் தலை சுற்றுகிற மாதிரி நின்ற இடத்திலேயே எனக்குக் குமட்டியது.

முகடு பக்கத்தில்தான் இருந்தது, நேரே நடந்தால் போய்விடலாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த வரிசை மலைகளைப் பார்க்காமல் போவதா? ஆனால் ரத்தம் உறைந்துபோன குழாயை வைத்துக்கொண்டு லேபில் நாங்கள் ரிசல்ட் எழுதமாட்டோம். மறுபடி எடுக்கிறோம் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவோம், எவ்வளவு திட்டினாலும். அதுபோல என்னை நானே திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். இன்றுவரை ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

கால்தடங்களைப் பனி மூடிக்கொண்டே வந்தது. ஒரு சுள்ளியிலிருந்து அடுத்த சுள்ளிக்கு, கண்ணை இடுக்கிக்கொண்டு இறங்கினேன். ஓரிடத்தில் அடுத்த சுள்ளியைக் காணவில்லை. காற்றில் சாய்ந்து புதைந்திருக்க வேண்டும். அங்கே எனக்குப் பயம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம். உட்கார்ந்து அழுதேன். லேப் பீரோச் சாவி என் கைப்பையிலேயே இருக்கிறதே, நான் செத்துப்போனால் பூட்டை உடைக்கவேண்டி வருமே என்ற கவலை அந்த நேரத்தில் ஏன் வந்ததென்று தெரியவில்லை. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். நான் நிற்கிற இடத்துச் சுள்ளி ஒன்று நிச்சயம். அது கண்ணுக்குத் தெரிகிற எல்லைவரைக்கும் ஒரு பக்கமாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பிச் சுள்ளிக்கே வந்து, கொஞ்சம் திசையை மாற்றி மறுபடி போனேன். இல்லை. மறுபடி வந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானே அப்போது கண்டுபிடித்த வழி. எத்தனை தடவை போய் வந்தேனோ தெரியாது. கடைசியில் வெள்ளைக்குள் மஞ்சளாக ஒரு துணுக்கு ஆடியது. கிட்டே போனால், 'திருமண வி'.

கல்குடிசைக்குள் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தபோது சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். அழுததும் நான்தான், எழுந்ததும் நான்தான், சிரித்ததும் நான்தான். பார்க்க ஒரு ஆள் இல்லை. என் வாழ்க்கையில் முழுக்க முழுக்க எனக்கென்று இருந்த நாள் அது ஒன்றுதான். நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே கீழே இறங்கினேன். வாசலில் நின்றிருந்த அந்த அம்மா என் கையிலிருந்த நாடாக்களைப் பார்த்தார், மேலே மேகத்தைப் பார்த்தார், முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவருக்குப் புரிந்தது.

இப்படி ஒரு நாளைச் சுமந்துகொண்டு இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பூக்கடைக்காரர் கையைக் கூப்பியபடி எழுந்து நிற்கிறார். "தரிசனம் நல்லாக் கெடைச்சுச்சாம்மா?" என்கிறார். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு என் நாத்தனார் நின்றாள். வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், எந்த வீட்டு விசேஷம் என்றாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நிற்பவள். ஆரத்தி எடுத்து என் நெற்றியில் பொட்டு வைத்தாள். கோயிலுக்குப் போய் வந்தால் நாலு பேருக்குச் சோறு போடவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணனும் தங்கையும் ஏற்பாடே செய்துவிட்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. தெருவே வந்தது. என்னைவிட மூத்தவர்கள் என் காலில் விழுந்தார்கள். தீர்த்தம் கேட்டார்கள். என் பையில் ரயிலில் வாங்கி மிச்சம் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. யாரோ அதை எடுத்து வந்துவிட்டார்கள், உத்தரணி உத்தரணியாக எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது. நான் உண்மையைச் சொல்லாமல் இல்லை. "அங்க கோயிலே இல்லைங்க" என்றேன். "மலையே சாமிதானங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். "ஒரே மூடுபனி, கண்ணுக்கு எதுவுமே தெரியல" என்றேன். "எல்லாருக்குமா தெரியும், நீங்க போய் நின்னீங்களே, அது போதாதா" என்றார்கள். "வழி தப்பிட்டேன், நானாத்தான் தேடிக் கண்டுபிடிச்சு வந்தேன்" என்றேன். கும்பிட்ட கை இறங்கவே இல்லை. "சாமிதான் கூட வந்திருக்கு" என்றார்கள். நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அதை வைப்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பூஜை மாடம் இருந்தது.

போதாததற்கு வீட்டுக்காரர் என் போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். மஞ்சள் துணி கட்டிய கிளை, மஞ்சள் துணி கட்டிய புதர், மஞ்சள் துணி கட்டிய சுள்ளி. "பாருங்க, எம்புட்டு வேண்டுதல் முடிஞ்சிருக்காங்க" என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். செத்துவிடாமல் இறங்குவதற்கு நான் கட்டிய துணி.

பந்தியில் எல்லோர் இலையிலும் எண்ணெய்க் கத்தரிக்காய் விழுந்தது. பரிமாறியது நாத்தனார். என் இலைக்கு வந்ததும் கரண்டி ஒரு நொடி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். நாத்தனார் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று கத்தினேன்.

"யாருக்கு என்ன நட்டம் இப்ப?" என்றார் அவர்.

"எனக்கு. என்னோட ஒரு நாளை எடுத்து சாமிக்குக் குடுத்துட்டீங்க. வழி தெரிய நட்ட குச்சி ஒண்ணு காணாமப் போயி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடக்கப் போயிருக்கான்னு சொல்ல ஒங்களுக்கு என்ன? ரெண்டு வார்த்தை."

"பொம்பளை தனியா மலையில சும்மா நடக்கப் போயிருக்குன்னு சொன்னா, வீட்டுல என்ன பிரச்சினைன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

"ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு சொல்றது."

"நம்புவாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

லேபிலும் அதே கதை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருப்பேன், அந்த அம்மா குனிந்து என் காலைத் தொடப் பார்ப்பார். ஊசி குத்தினதே தெரியவில்லை, எல்லாம் போய் வந்த மகிமை என்றார் ஒருவர். இத்தனை வருஷமாக நான் வலிக்காமல்தான் குத்திக்கொண்டிருக்கிறேன். அது என் கை செய்த வேலை. அதுவும் சாமி கணக்கில் போய்விட்டது.

ஒரு நாள் நாத்தனார் லேபுக்கு வந்தாள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருப்பாள் போல. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அந்தத் துணிய எம்புட்டுத் தூரத்துக்கு ஒண்ணாக் கட்டுவீங்க? மஞ்சத் துணிதான் கட்டணுமா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு வேண்டுதலும் இல்ல, மண்ணும் இல்ல. நீயுமா? போ, போயி ஒங்க அண்ணனைக் கேளு" என்று விரட்டிவிட்டேன். எழுந்து போனாள்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும், அன்றைக்கு அப்படித்தான் இறங்கியிருந்தது. இந்தச் சனங்களின் முகம் இல்லாத இடம் வேண்டும் என்று வெகுநாளைக்குப் பிறகு என் பாறைக்குப் போனேன். ஸ்கூட்டியை வழக்கமான வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். முதல் செடியில், கண்ணுக்கு நேரே, மஞ்சள் துணி.

என் துணி இல்லை அது. நான் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை. புதுத் துணி, சுத்தமாகக் கத்தரித்து, முடிச்சுப் போட்டிருந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. இங்கேயுமா? ஊரில் ஒருத்தி காலார நடப்பதற்கு ஒரு மொட்டைப் பாறை இருந்தது, அதையும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்களா? இன்றைக்குத் துணி, நாளைக்கு ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம், மறுநாள் உண்டியல், அதற்கடுத்து செருப்பைக் கழற்று என்று ஒரு போர்டு. அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிய்த்தே எடுத்தேன். கொஞ்சம் மேலே இன்னொன்று. அதையும் பிய்த்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ஒவ்வொன்றையும் பையில் திணித்துக்கொண்டே ஏறினேன். ஆத்திரத்தில் என் நாடாவை நான் கட்டவே இல்லை என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

உச்சியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு, சேலைமேல் ஒரு ஸ்வெட்டர், பக்கத்தில் ஒரு தூக்குவாளி. கிட்டே போனால் நாத்தனார்.

"அண்ணி" என்று எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணந்தான் ஒரு வாட்டி சொன்னுச்சு, நீங்க இங்கிட்டுத்தான் வருவீங்கன்னு. நாலு நாளா வாரேன். மேல வரைக்கும் ஏறுனது இன்னைக்குத்தான்." பிறகு என் பையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்த மஞ்சளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "எல்லாத்தையும் அவுத்துட்டீங்களா? அப்ப நான் எப்புடி எறங்குறது?"

தொங்கிய மஞ்சளைப் பைக்குள் தள்ளப் பார்த்தேன்.

"குவாரி எந்தப் பக்கம்னு தெரியாதுல்ல" என்றாள். "அதுக்குத்தான் கட்டுனேன். ஒங்ககிட்ட வந்து கேட்டேன், நீங்க வெரட்டிட்டீங்க. சரின்னு போட்டோவுல பாத்த மாதிரியே, ஒண்ணுல இருந்து பாத்தா அடுத்தது தெரியிற மாதிரி கட்டிக்கிட்டு வந்தேன்."

மஞ்சள் துணியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்த அம்மாவை எத்தனை நாள் மனசுக்குள் வைத்துத் திட்டியிருப்பேன்? அவராவது அதைக் கும்பிட்டதோடு நிறுத்தினார். நான் பிய்த்துக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். "எனக்கும் எறங்கத் தெரியாது" என்றேன். "நானும் கட்டலை."

அவள் என்னைப் பார்த்தாள், சுற்றிலும் வெள்ளையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குவாரி ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, இவள் சிரிக்கிறாள். வெயில் வந்து பனி விலகும்வரை அசையக்கூடாது என்று சொல்லி நானும் உட்கார்ந்தேன். தூக்குவாளியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். பழைய சோறு, மேலே வதக்கிய கத்தரிக்காய்.

"சாப்பிடுங்க. நீங்க எதையும் விடலைன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு எலையில வைக்கத்தான் வந்தேன், அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பயந்துட்டேன்."

நான் சாப்பிட்டேன். அதன் ருசியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பாதியில் அவள், "அந்தப் பனிமலையில ஒரு குச்சியக் காணாமப் போச்சுன்னீங்களே, அப்பறம் எப்புடி எறங்குனீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்ட ஆள் அவள்தான். குடிசையிலிருந்து முகட்டுக்குக் கிட்டே போனதுவரைக்கும், அங்கிருந்து திரும்பிக் குடிசைக்கு இறங்கியதுவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுததையும் பீரோச் சாவியையும்கூடச் சொன்னேன். சாமி வழி காட்டியதாக அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

நடுவில் அவள் போன் அடித்தது. அவள் அண்ணன்தான். கடை திறக்கும் நேரம், நான் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, என் போன் ஸ்கூட்டி டிக்கியில் கிடக்கிறது. அவர் குரல் எனக்கே கேட்டது. கடைக்கு வந்த யாரோ என்னை எங்கே காணோம் என்று கேட்கிறார்களாம்.

"அண்ணி எங்கூடத்தான் இருக்காங்கண்ணே" என்றாள். "கோயிலுக்கா? இங்க ஏது கோயிலு. நடக்க வந்திருக்கோம்." அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. "ஆமா, சும்மாதான். நடக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுண்ணே. ரெண்டு வார்த்தைதான?"

போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று அதை என் காதில் வைத்தாள். கடைச் சத்தம், ஏதோ ஒரு வண்டி போகிற சத்தம். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். கடைக்கு வந்தவரிடம், கொஞ்சம் தயங்கி, "நடக்கப் போயிருக்கு" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.